சுருட்டை முடி அண்ணன்

எங்கள் ஊர் வட்டச் செயலாளர் அலங்காரமூர்த்திக்குப் பிறந்தநாள் வந்தது. பேனர் கடையில் ஏஐ வைத்துப் படம் செய்யும் ஜெசிந்தாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"சுருட்டை முடி வேணும், தொப்பை கூடாது, வயசு இருபத்தஞ்சு. ஆனா பார்த்ததும் ஊரே 'நம்ம அண்ணன்'னு சொல்லணும். சொல்லலைன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

முதலாளியும் தலையாட்டினார்.

அண்ணன் சொன்னதையெல்லாம் ஜெசிந்தா அப்படியே தட்டினாள். கம்ப்யூட்டர் ஒரு கட்டழகனைச் செய்து தந்தது. கேட்காமலே பக்கத்தில் ஒரு சிங்கத்தையும் நிறுத்தியது.

மறுநாள் தெருமுனையில் பேனர் ஏறியது.

"மேல யாருடா இந்த மாப்பிள்ளை?"

"தெரியலை. ஆனா கீழ பாரு, நம்ம அண்ணன்!"

அடியில், வாழ்த்துகிறவர்களின் சின்ன வட்டப் படங்களுக்கு நடுவே, அண்ணன் வழுக்கைத் தலையோடு தனக்கே கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்கு ஓடிவந்தார். "என்னை ஏம்மா கீழ போட்டே?"

"நீங்க கேட்ட முடி மேல இருக்குண்ணே. ஊருக்குத் தெரிஞ்ச முகம் கீழ இருக்கு. ஊரே சொல்லிடுச்சே, என் வேலை இருக்குல்ல?"

அண்ணன் வழுக்கையைத் தடவினார். "இருக்கு, இருக்கு. என்னையே மேல போடு."

"அந்தப் பையனை எடுத்துடவாண்ணே?"

"பாவம், கீழ ஓரமா நின்னு கும்பிடட்டும். சிங்கத்தை மட்டும் என் பக்கம் தள்ளிடு."