செவ்வாய்க்கிழமை வந்தவள்

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிகிற இடத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. மடத்தோடு ஒரு பள்ளிக்கூடம். உப்பளத்துப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர் படித்தார்கள். மடத்தை நடத்தியவர் ஒரு பெண் துறவி. எல்லோரும் குருவம்மா என்பார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்த கோமதிநாயகத்துக்கு அறுபத்திரண்டு. தாலுகா ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர். மனைவி போன பிறகு அவர் வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான். ஞானம் வேண்டும் என்று வந்தார். குருவம்மா அவர் கையில் வருகைப் பதிவேட்டைக் கொடுத்தார்.

"இதுவாம்மா?"

"இதுதான்."

ஆபீஸ் பார்த்த கை சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் சட்டங்கள் வந்துவிட்டன. பிந்தி வந்தால் வெளியே நிற்க வேண்டும். மாதம் முழுக்க வந்தால் ஒரு பேனா. முப்பது நாள் தொடர்ந்து வராவிட்டால் பெயர் அடிக்கப்படும். பெயர் வாசிக்கும்போது 'உள்ளேன் ஐயா' தவிர வேறு சத்தம் வரக் கூடாது.

வாசித்து முடித்ததும் வந்தவர்களின் எண்ணிக்கையைச் சமையற்கட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்து கணக்குப் பாடம் எடுப்பார். பிச்சம்மாள் அந்த எண்ணிக்கைக்குத்தான் அரிசி அளப்பாள். ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

சொல்லக் கூடாது, பலன் இருந்தது. மூன்று மாதத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள் தவறாமல் வந்தார்கள். ஒரே ஒரு பெயர்தான் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் பதிவேட்டோடு குருவம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ஒரு பிள்ளதாம்மா பிடி குடுக்க மாட்டேங்குது. எட்டாம் வகுப்பு பேச்சிக்கனி. இன்னையோட இருபத்தாறு நாள்."

"கூப்பிடுறீங்களா?"

"பத்து நாள் கூப்பிட்டுப் பார்த்தேன். வராத பிள்ள பேர வாசிச்சு என்ன ஆகப்போவுது? அதுக்கப்புறம் வாசிக்கிறதில்ல. நேரா ஆப்சென்ட் போட்டுருதேன்."

குருவம்மா அவள் பெயருக்கு நேரே இருந்த கட்டங்களைப் பார்த்தார்.

"இன்னும் நாலு நாள்ல பேர அடிக்கணும். அடிச்சா இந்த வருஷம் பரீட்சை எழுத முடியாது. வராத பிள்ளைய எப்படிம்மா வர வைக்க?"

குருவம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்தார். பிள்ளைகள் வீட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவரும் சாப்பாட்டுத் தட்டு. விளிம்பில் பேச்சிக்கனி என்று பெயர் வெட்டியிருந்தது.

"இத அவகிட்ட குடுத்துட்டு வாங்க."

"அவ தட்டு இங்க எப்படி வந்துச்சு?"

"அவளையே கேளுங்க."

வெயில் ஏறியிருந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்திகள், ஓரங்களில் உப்புக் குவியல்கள். ஆள் நடமாட்டம் எங்கோ தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தது. கோமதிநாயகம் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார். வீட்டில் கைக்குழந்தையான தம்பியை வைத்துக்கொண்டிருப்பாள் என்று பிள்ளைகள் சொன்னதை நம்பிப் போனவர், அவளைப் பாத்தியில் பார்த்தார். முட்டளவுக்குப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"நீ தம்பியப் பாத்துக்கிடதாத்தான சொன்னாவ?"

"சித்தி வந்துட்டாவ சார். தம்பிய அவுக பாக்காவ."

"பின்ன ஏன் பள்ளிக்கூடம் வரல?"

அவள் பலகையை நிறுத்தினாள். "வந்தேன்லா சார்."

"எப்ப?"

"செவ்வாக்கிழம."

"நான் பாக்கலியே."

"நீங்க நோட்டத்தான பாத்திய."

அவள் பலகையை வரப்பில் சாய்த்து வைத்தாள்.

"எம்பேரு வரும் வரும்னு இருந்தேன். எல்லாரு பேரும் முடிஞ்சி போச்சி. எம்பேரு வரல."

"எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாம்லா?"

"பேரு வாசிக்கையில பேசப்படாதுன்னு நீங்கதான சார் சொன்னிய."

"அதுக்குப் பெறவு சொல்லியிருக்கலாம்."

"நீங்க போர்டுல கணக்கு எழுதிக்கிட்டே இருந்திய. நானும் எழுதுனேன். சரி, பேர அடிச்சிட்டாவ போலன்னு நெனச்சிட்டேன்."

அவர் தட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"சோத்து மணி அடிச்சதும் வரிசையில போயி நின்னேன் சார். அப்புறந்தான் யோசன வந்துச்சு. பேரு இல்லாதவளுக்கு அரிசி போட்டிருக்க மாட்டாவல்லா. நாந்தின்னா இன்னொரு பிள்ளைக்குப் பத்தாமப் போயிரும். தட்டு இனிமே எதுக்குன்னு அங்கனயே வச்சிட்டு வந்துட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மாட்ட சொன்னேன், பேர அடிச்சிட்டாவன்னு. மறுநாளே அளத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டாவ."

"உன் பேரு இருக்கு. திங்கக்கிழம வா. நான் கூப்பிடுவேன்."

அவள் அடுத்த பாத்தியைப் பார்த்தாள். அங்கே அவள் அம்மா நிமிராமலே, "பாப்போம் சார்," என்றாள். பேச்சிக்கனி தட்டை வாங்கி வரப்பில் வைத்துவிட்டு மறுபடி பலகையைப் பிடித்தாள்.

திரும்பி வரும் வழியில் கோமதிநாயகத்துக்கு ஒன்று தோன்றியது. தன்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆபீசில் சார், தெருவில் சார், இங்கேயும் சார். மனைவி இருந்தவரை அவளும் பெயர் சொன்னதில்லை. அவள் 'என்னங்க' என்றால் அது பெயரைவிட மேல். ஒரு காலை நேரம் முழுவதும் பெயருக்காகக் காத்துக்கொண்டு இருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குப் புரிந்தது.

ஆனாலும் ஆபீஸ் புத்தி போகுமா? மடத்துக்கு வந்ததும் பதிவேட்டைத் திறந்தார். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் இருந்த ஆப்சென்ட்டைச் சிவப்பு மையால் அடித்தார். வருகை போட்டார். பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தார். தொடர்ச்சி அறுந்துவிட்டது. விதிப்படி இனி முப்பது நாளைப் புதிதாகத்தான் எண்ண வேண்டும். குருவம்மாவிடம் ஓடினார்.

"பேரக் காப்பாத்திட்டேம்மா."

குருவம்மா சிவப்பு மையைப் பார்த்தார்.

"பிள்ள எங்க?"

கோமதிநாயகம் பதிவேட்டை மூடினார்.

திங்கட்கிழமை அவர் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் வாசிக்கவில்லை. முகங்களைப் பார்த்து வாசித்தார். நேரம் கூடுதலாக ஆனது. பேச்சிக்கனி என்று கூப்பிட்டுவிட்டு நிறுத்தினார். நாற்பத்தொரு பிள்ளைகளும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் வெயில் மட்டும் கிடந்தது.

"வரல ஐயா," என்றது ஒரு குரல். அவர் அதட்டவில்லை.

செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டார். புதன்கிழமையும் கூப்பிட்டார். சாயங்காலங்களில் உப்பளத்துக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசினார். தினமும் அதே பதில்தான்: பாப்போம் சார்.

வியாழக்கிழமை சமையற்கட்டு வாசலில் போய் நின்றார்.

"நாப்பத்தொண்ணு."

பிச்சம்மாள் அரிசி அளந்தாள். பக்கத்தில் நின்ற குருவம்மா அவளிடமிருந்து ஆழாக்கை வாங்கி, இன்னும் ஒரு ஆளுக்கு அளந்து போட்டார். திங்கட்கிழமையிலிருந்து தினமும் இதைத்தான் செய்கிறார். தினமும் ஒரு ஆள் சோறு மிஞ்சுகிறது.

"இன்னைக்கும் அவ வரலம்மா."

"தெரியும்."

"நாளைக்கும் வருவான்னு சொல்ல முடியாது. வராத பிள்ளைக்கு எதுக்கும்மா அளக்கணும்?"

குருவம்மா ஆழாக்கைப் பிச்சம்மாளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"வந்த அன்னைக்கு அளக்கலையே."