கருந்தீவுக் கிணற்று வரி

முன்னொரு காலத்தில் மருதங்கோடு என்ற நாட்டைக் கேயூரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். காலையில் கண்ணாடி பார்ப்பான், மாலையில் யானை பார்ப்பான், நடுவில் யாராவது புகழ்ந்தால் கேட்டுக்கொள்வான்.

மருதங்கோட்டுக்கு எதிரே கடலில் கருந்தீவு என்றொரு தீவு. ராஜாவின் பாட்டனார் காலத்துப் பஞ்சத்தில் பிழைப்புத் தேடிப் போன ஜனங்கள் அங்கே முள்காட்டை வெட்டி, பாறையை உடைத்துக் கிணறு தோண்டி, ஊர் உண்டாக்கியிருந்தார்கள். அந்த நாளில் அரண்மனையிலிருந்து ஒரு மண்வெட்டிகூடப் போகவில்லை. ஊர் செழித்த பிறகுதான் அது நம்முடைய தீவாயிற்றே என்று அரண்மனைக்கு ஞாபகம் வந்தது.

ராஜாவுக்கு யானைமேல் தங்க அம்பாரி வைக்க ஆசை. கஜானாவோ காலி. மந்திரி நல்லாதன்மேல் பொறாமையால் வெந்துகொண்டிருந்த பொக்கிஷதார் ஏரம்பர், இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"கருந்தீவுக்குப் போகும் வெற்றிலைக்கு வரி போடுவோம், மகாராஜா. அந்த மண்ணில் கொடிக்கால் வராது. நம்மிடம் வாங்கித்தான் ஆகவேண்டும்."

"முதலில் கதவுக்கு வரி போட்டோம். பிறகு மீன்வலைக்குப் போட்டோம்," என்றார் நல்லாதன். "ஒரு தடவைகூட அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுச் சபையில் உட்காரவைத்துப் பேசலாமே."

"மாட்டைக் கேட்டுக்கொண்டா பால் கறக்கிறோம்?"

"மாட்டுக்கு வைக்கோலாவது போடுகிறோம், ஏரம்பரே."

சபையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ராஜா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ராஜா ஏரம்பர் பக்கம் கையை அசைத்தான். வரி விழுந்தது.

கருந்தீவில் அன்றோடு யாரும் வெற்றிலை போடவில்லை. கல்யாணத்தில் தாம்பூலத் தட்டில் மஞ்சளும் தேங்காயும் வைத்து மாற்றிக்கொண்டார்கள். வாய் நமநமத்த கிழவர்கள் புளியங்கொட்டையை மென்றார்கள். ஏரம்பரே ஒரு கப்பல் வெற்றிலையோடு வந்து இறங்கினார். கட்டு ஒன்றுகூட விற்கவில்லை. துறையிலேயே வெற்றிலை அழுகி, ஊரெல்லாம் நாறியது.

நீலன் என்ற படகோட்டி அவரிடம் போய், "எங்களைக் கேட்காமல் எங்களுக்கு வரி போட்டது யார் ஐயா?" என்று நிதானமாகவே கேட்டான். ஏரம்பர் சுங்கச்சாவடிக் காவலர்களைக் கூப்பிட்டார். அவனுக்கு விலங்கு மாட்டிக் கப்பலில் ஏற்றினார். துறையில் நின்ற படகுகளைக் கொளுத்தச் சொன்னார்.

அதுவரை 'நம்ம ராஜா' என்று சொன்ன வாயெல்லாம் அன்று முதல் 'அந்த ராஜா' என்று சொல்லத் தொடங்கின. நீலனின் அக்கா கொற்றி படகு கட்டுகிறவள். அதிகம் பேசமாட்டாள். எரிந்துபோன படகுகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "இனி இவர்களிடம் கெஞ்சுவதற்கு ஒன்றுமில்லை," என்றாள். ஊரே திரண்டு சுங்கச்சாவடிக் காவலர்களை எரியாமல் மிஞ்சிய படகில் ஏற்றித் துரத்தியது.

செய்தி கேட்டு ராஜா கொதித்துப்போனான். படையோடு தானே கப்பலேறினான். ஏரம்பர், நல்லாதன் இருவரும் கூட வந்தார்கள். பாறைகளுக்கு நடுவே வழிகாட்ட நீலனையும் விலங்கோடு கொண்டுவந்தார்கள். பாதி வழியில் காற்று நின்றுபோயிற்று. கப்பல்கள் கடலில் கிடந்து, ஒருவழியாகத் துடுப்பு வலித்துக் கரை சேர்ந்தபோது பீப்பாய்களில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வீரர்களுக்கு வாளைவிட நாக்குதான் கனத்தது.

கரையோரக் கிணறுகளைச் சுற்றி ஜனங்கள் துடுப்போடு நின்றார்கள். ஒவ்வொரு கிணற்று விளிம்பிலும் வாய் அவிழ்த்த உப்பு மூட்டைகள். கொற்றி முன்னால் வந்து கும்பிட்டாள்.

"வாங்க மகாராஜா. தண்ணீர் இருக்கிறது. குடத்துக்கு ஒரு பொன் வரி. யாராவது வாளை உருவினால் மூட்டையெல்லாம் கிணற்றுக்குள் போய்விடும். எங்களுக்கு மலைக்கு அப்பால் சுனை உண்டு."

"பிடியுங்கள் அவளை," என்றார் ஏரம்பர். ஒரு வீரனும் அசையவில்லை. எல்லார் கண்ணும் கிணற்றில் இருந்தது.

ராஜாவின் முகம் சிவந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கே வரி போட நீ யார்?"

கொற்றி கப்பல் ஓரத்தில் விலங்கோடு நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"இதைத்தான் என் தம்பி கேட்டான், மகாராஜா. அதற்காகத்தான் அவன் காலில் இரும்பு கிடக்கிறது. கேட்டவருக்கு விலங்குதான் என்றால் உங்கள் காலுக்கு எந்த அளவில் அடிக்கச் சொல்லட்டும்?"

ராஜா மந்திரியைப் பார்த்தான். "அவள் கேட்டதில் தப்பு இருந்தால் சொல்லியிருப்பேன், அரசே," என்றார் நல்லாதன்.

தாகம் ஆணவத்தைவிடப் பெரியது. ராஜா நீலனை அவிழ்த்துவிடச் சொன்னான். "வரியை எடுத்துவிட்டேன். சபையில் உங்களுக்கு ஓர் ஆசனமும் தருகிறேன்," என்றான்.

"போன வருஷம் தந்திருந்தால் ஓரமாக ஒரு பாயில் உட்கார்ந்திருப்போம்," என்றாள் கொற்றி. "இப்போது எங்கள் சபையை நாங்களே கூட்டிவிட்டோம்."

கப்பலில் துடுப்பு வலித்தவர்களுக்கும் வீரர்களுக்கும் அவள் தண்ணீரைச் சும்மா கொடுத்தாள். ராஜாவின் குடத்துக்கும் ஏரம்பரின் குடத்துக்கும் மட்டும் பொன் வாங்கினாள். ஏரம்பரிடம் காசில்லை. காதுக் கடுக்கனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குடித்தார்.

திரும்பும் வழியில் ராஜா ஏரம்பரின் பதவியைப் பறித்துப் பொக்கிஷத்தையும் நல்லாதனிடமே ஒப்படைத்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "ஊரில் என்னவென்று சொல்வது?"

"கருந்தீவுக்குக் கருணையினால் விடுதலை கொடுத்தோம் என்று பறையடிக்கச் சொல்லுங்கள், அரசே. சபையில் நம்பாதவர்கூட நம்பியதாகச் சொல்வார்."

அப்படியே பறையடித்தார்கள். மருதங்கோட்டுக் கடைவீதியில் ஜனங்கள் நின்று கேட்டார்கள். அறிவிப்பு முடிந்து பறையடித்தவன் நகரப் பார்த்தபோது, உப்பு விற்கிற ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு அவனை நிறுத்தினாள்.

"அந்தக் கருணை எங்களுக்கு எப்போது வரும் என்று அரண்மனையில் கேட்டுச் சொல்லப்பா," என்றாள்.