ஆள்காட்டிக் குருவி ஆடிய ஆட்டம்

ஒரு காட்டில் மரமே இல்லாத இடம் ஒன்று இருந்தது. ஏரியை ஒட்டிய பொட்டல் அது. எங்கே பார்த்தாலும் கூழாங்கல். அந்தப் பொட்டலில் ஓர் ஆள்காட்டிக் குருவி தன் வீட்டுக்காரரோடு குடியிருந்தது.

குழந்தைகளே, ஆள்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டாது. தரையில் லேசாகப் பள்ளம் பறித்து, கல்லோடு கல்லாக முட்டை வைக்கும். முட்டையும் பார்வைக்குக் கல் மாதிரியே இருக்கும். அந்நியர் யாராவது வந்தால் போதும், கத்தி ஊரைக் கூட்டிவிடும்.

இந்தக் குருவிக்குச் சின்ன வயதில் ஒரு பெரிய ஆசை இருந்தது. ஆட்டக்காரி ஆக வேண்டும். மயில் ஆடுவதைப் புதருக்குப் பின்னால் நின்று பார்க்கும். மயில் காலைத் தூக்கினால் இதுவும் தூக்கும். மயில் தோகையை விரித்தால், இது தோகை இல்லாத குறைக்கு இறக்கையை விரிக்கும். தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூட ஆடிக்கொண்டேதான் போகும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மழை பெய்த மறுநாள் எல்லாரும் வழுக்குப் பாறையில் கூடுவார்கள். வளர்ந்து வருகிற குஞ்சும் குட்டியும் ஒவ்வொன்றாகப் பாறைமேல் ஏறி, "நான் இன்னது ஆகப் போகிறேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னதைக் கொஞ்சம் செய்தும் காட்ட வேண்டும்.

நம் குருவியும் ஏறியது. "நான் ஆட்டக்காரி ஆகப் போறேன்" என்றது. கூச்சத்தில் பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

காலைத் தூக்கியது. சரியாக வந்தது. இறக்கையை விரித்தது. அதுவும் வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியபோதுதான் அந்தக் குச்சிக் கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பொத்தென்று விழுந்தது. எழுந்தது. ஓர் இறக்கை தரையில் இழுபட, மறுபடியும் விழுந்து பாறையில் உருண்டது.

"ஐயோ, இறக்கை ஒடிஞ்சு போச்சு. யாராவது தூக்குங்கப்பா" என்று கொக்கு பதறி ஓடி வந்தது.

குருவி வெட்கம் தாங்காமல் விருட்டென்று பறந்துவிட்டது. இறக்கை ஒடியவில்லை என்று தெரிந்ததும் காடே சிரித்தது. கரடிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. மயில் மட்டும் சிரிக்கவில்லை. "கால் இருக்கிறவங்க எல்லாரும் ஆடிட முடியுமா" என்று தோகையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டது.

அன்றோடு குருவி ஆட்டத்தை விட்டது. பெயர்தான் அதை விடவில்லை. எல்லாரும் அதை ஆட்டக்காரி என்றே கூப்பிட்டார்கள்.

காலம் போனது. குருவிக்குக் கல்யாணம் ஆயிற்று. நான்கு முட்டை வைத்தது. அந்த வருஷம் பார்த்து வெயில் கொளுத்தியது. அப்படியே விட்டால் முட்டை வெந்துவிடும். அதனால் ஒருவர் முட்டைக்கு நிழலாக உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் ஏரிக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டை மேல் உட்காருவார். ஏரியோ வற்றி, தண்ணீர் நடுவே போய்விட்டது. போகவும் வரவும் வெகு நேரம் ஆகும்.

ஒரு மத்தியானம். வீட்டுக்காரர் ஏரிக்குப் போயிருந்தார். குருவி முட்டைக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த வழியாக எருமை வந்தது. அதன் முதுகில் மைனா உட்கார்ந்திருந்தது.

"என்ன ஆட்டக்காரி, இன்னிக்கு ஆட்டம் கிடையாதா?" என்றது மைனா.

"நடந்துக்கிட்டுதானே இருக்கு. காலையிலேருந்து அசையாம ஆடிக்கிட்டிருக்கேன். இதுல விழ வழியே இல்லை பாரு, அதான் பிடிச்சிருக்கு."

மைனா சிரித்தது. "நீயாவது தேவலை. நான் பாறைமேல ஏறி, கழுகு ஆவேன்னு சொன்னேன்."

"ஆனியா?"

"பார்க்கிறியே. எருமை முதுகுல உண்ணி பொறுக்கறேன். உயரத்துலதான் இருக்கேன், எருமை உயரத்துல."

"கரடி அண்ணன் பாட்டுக்காரர் ஆகப் போறேன்னாரே, அது என்ன ஆச்சு?"

"குரலுக்கு நல்லதுன்னு யாரோ சொல்லி, தேன் குடிக்க ஆரம்பிச்சார். இப்ப பாட்டை விட்டுட்டார். தேனை விடலை."

எருமை காதை ஆட்டியது. "நான் பாறைமேல ஏறி, எருமை ஆவேன்னுதான் சொன்னேன். ஆயிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைத் தேடி நடந்தது. மைனாவும் அதன் முதுகிலேயே போய்விட்டது.

அவர்கள் தூரம் போகட்டும் என்று முள்ளுப் புதருக்குள் காத்திருந்தது நரி. இப்போது மெதுவாக வெளியே வந்தது.

முட்டை இருக்கும் இடம் தெரியக் கூடாது என்று குருவி குனிந்தபடியே கொஞ்ச தூரம் ஓடி, அங்கிருந்து மேலே எழும்பிக் கத்தியது.

"நல்லாக் கத்து" என்றது நரி. "நீ கத்துறேன்னா முட்டை இங்கேதான் இருக்குன்னு அர்த்தம்." ஒவ்வொரு கல்லாக மோந்துகொண்டே வந்தது.

குருவி பாய்ந்து வந்து நரியின் தலையில் கொத்தியது.

"இன்னும் கொஞ்சம் கீழே கொத்து. அங்கேதான் அரிக்குது" என்றது நரி.

நரியின் மூக்குக்கும் முட்டைக்கும் நடுவே இனி நாலைந்து கல்தான். கத்தியும் ஆகவில்லை, கொத்தியும் ஆகவில்லை. வீட்டுக்காரர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. குருவி நரியின் முன்னால் வந்து இறங்கியது. பயத்தில் ஒரு கால் இன்னொரு காலில் பின்னிக்கொண்டது. பொத்தென்று விழுந்தது. எழப் பார்த்தது. ஓர் இறக்கை தரையில் இழுபட்டது.

நரி தலையைத் தூக்கியது. "அட, நீ வழுக்குப் பாறையில விழுந்த ஆட்டக்காரி இல்லே? நானும்தான் அன்னிக்குக் கூட்டத்துல இருந்தேன். என்னமா விழுந்தே."

குருவிக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. நரி இப்போது கல்லைப் பார்க்கவில்லை. தன்னைப் பார்க்கிறது.

"ஆமாங்க மாமா" என்றது. "அன்னிக்கு அடிபட்ட இறக்கைங்க. அடிக்கடி பிடிச்சுக்கும். இன்னிக்கு ஒடிஞ்சே போச்சு போலிருக்கு."

"அடடா" என்றது நரி. முட்டைக்குக் கால் கிடையாது, எங்கேயும் போகாது, அதைப் பிறகு தின்னலாம். கறி எதிரிலேயே கிடக்கிறது என்று கணக்குப் போட்டது. "எங்கே, ஓர் ஆட்டம் ஆடு பார்க்கலாம்" என்று வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தது.

குருவி ஆடியது. காலைத் தூக்கியது. இறக்கையை விரித்தது. ஒரு சுற்றுச் சுற்றி, காலைப் பின்னிக்கொண்டு விழுந்தது. நரி பாய்ந்தது. குருவி ஓர் உருளல் உருண்டு தள்ளிப் போய், மறுபடி காலைத் தூக்கியது. அன்றைக்குப் பாறையில் என்னவெல்லாம் கோணலாக வந்ததோ அத்தனையும் ஒன்று விடாமல் ஆடியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏரிப் பக்கமாகப் பார்த்து விழுந்தது.

"ரொம்ப மோசமா ஆடறே" என்றது நரி, எச்சிலை விழுங்கிக்கொண்டு.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க மாமா" என்று குருவி இன்னொரு தடவை விழுந்தது.

இப்படியே இருவரும் பொட்டலைக் கடந்து ஏரிக்குள் இறங்கினார்கள். வற்றிய ஏரியில் மேலே காய்ந்த ஏடு, கீழே களிச் சேறு. குருவிக்கு அந்த ஏடு தாங்கியது. நரி பாய்ந்த பாய்ச்சலில் ஏடு உடைந்து, நாலு காலும் வயிறு வரை சேற்றுக்குள் இறங்கின.

குருவி எழுந்து, இரண்டு இறக்கையையும் உதறிக்கொண்டு, மேலே பறந்தது.

"ஏய், இறக்கை ஒடிஞ்சு போச்சுன்னு சொன்னியே?" என்றது நரி.

"ஆட்டம் முடிஞ்சுதுங்க மாமா" என்றது குருவி.

தூரத்தில் எருமை முதுகிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மைனா, சிரித்த சிரிப்பில் கீழேயே விழுந்துவிட்டது. நரி ஒருவழியாகச் சேற்றை விட்டு வெளியே வருவதற்குள் மைனா காடு முழுக்கச் சொல்லிவிட்டது. கரடிக்கு மறுபடியும் விக்கல். வழியெல்லாம், "மாமா, ஆட்டம் எப்படி இருந்தது?" என்று கேட்டுக் கேட்டே நரியை அழவைத்தார்கள். அதன் பிறகு நரி பொட்டல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அன்று வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பிய வீட்டுக்காரர், "என்னம்மா இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டார்.

"சும்மா, கொஞ்சம் ஆடினேங்க."

"இந்த வெயில்லயா?" என்று சொல்லிக்கொண்டே முட்டை மேல் உட்கார்ந்தார் அவர்.

நான்கும் பொரிந்தன. முதல் மழையும் பெய்தது. மறுநாள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குருவி வழுக்குப் பாறைக்குப் புறப்பட்டது.

"அம்மா, நீ சின்ன வயசுல என்ன ஆகணும்னு சொன்னே?" என்று பெரிய குஞ்சு கேட்டது.

"ஆட்டக்காரி."

"ஆனியா?"

"ஒரே ஒரு ஆட்டம் ஆடினேன். பார்க்க வந்தது ஒரே ஒரு ஆள். அவரும் பாதியிலேயே சேத்துல இறங்கிட்டார்."

குஞ்சுகள் சிரித்தன. குருவியும் சேர்ந்து சிரித்தது. எல்லாவற்றிலும் சின்னக் குஞ்சு மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு, "நான் கழுகு ஆவேன்" என்றது.

பக்கத்தில் எருமை முதுகிலிருந்து குரல் வந்தது. "ஆகு கண்ணு. ஆக முடியலைன்னா இங்கே வா. நிறைய இடம் இருக்கு."

நீதி: ஆசைப்பட்டது ஆகாமல் போகலாம், ஆசைப்பட்டுக் கற்றது, கோணலாகக் கற்றிருந்தாலும், ஒருநாள் கைகொடுக்கும்.