ஓலை ஓரத்தில் ஒரு வெட்டு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்காடு என்ற நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட உத்தரவை மதியம் சாப்பிட்டதும் மாற்றிவிடுவார்; தூங்கி எழுந்தால் இரண்டையும் மறந்துவிடுவார்.

அந்த நாட்டில் ஏரி மடையைத் திறந்து மூடும் ஆளை ஜனங்களே தேர்ந்தெடுத்தார்கள். பெயர் எழுதிய ஓலைகளில் வேண்டியதை எடுத்துக் குடத்தில் போடவேண்டும். பார்வை இல்லாதவர்களுக்கு மட்டும் ஓலை அதிகாரி அனந்தப்பரே எடுத்துப் போடுவார். பெரிய மனசுக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். முக்கியமாக அவரே சொன்னார்.

அந்த வருஷம் அவருடைய மைத்துனர் தூரன் நான்கே ஓலை வித்தியாசத்தில் நல்லானை ஜெயித்தார். போன வருஷமும் மடையைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை ஊருக்குச் சொட்டுத் தண்ணீர் விடாத அதே தூரன்தான். மறுநாள் கடைமடையில் கயிறு திரிக்கும் செம்பாயி அரசவையில் வந்து நின்றாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

“மகாராஜா, எங்க ஊர்ல பார்வை இல்லாதவங்க ஏழு பேரு. எல்லாரும் நல்லான் ஓலையைத்தான் கேட்டோம். எங்க ஊர்க் குடத்துல தூரனுக்குச் சரியா ஏழு ஓலை! வயலு காஞ்சு கிடக்கு, நாங்களா அவருக்குப் போடுவோம்?”

“பாவம், கேட்டதை மறந்திருப்பாள்” என்றார் அனந்தப்பர். “எழுத்தைப் பார்க்க முடியாதவள் தானாக ஓலை எடுப்பாளா?”

ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “நீயே எடுத்துக் காட்டு. தவறினால் தூரனே இருக்கட்டும்!”

செம்பாயி அவர் காதில் ஏதோ சொன்னாள். ராஜா திரும்பி நின்று, குறுவாளால் ஓலைகளில் என்னவோ செய்து, கலைத்துத் தட்டில் வைத்தார். அவள் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி ஒன்றைக் குடத்தில் போட்டாள். நல்லான் ஓலை! ராஜா கைதட்டினார்.

“இப்ப அதிகாரி ஐயா கண்ணைக் கட்டிக்கிட்டுப் போடட்டும். நான் எடுத்துக் குடுக்கறேன்.”

துணியைக் கட்டினார்கள். “யாருக்குங்க?”

“என் மைத்துனருக்குத்தான்!”

“இந்தாங்க, தூரன் ஓலை.”

அனந்தப்பர் யோசித்தார். ஏமாறுவேனா என்று சிரித்துக்கொண்டார். கொடுத்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டு, தடவி மற்றதை எடுத்துக் குடத்தில் போட்டார்.

துணியை அவிழ்த்தார்கள். குடத்துக்குள் கிடந்தது நல்லான் ஓலை.

“அவள் சரியாகத்தானே கொடுத்தாள்? ஏன் மாற்றினீர்?” என்றார் ராஜா.

“இவள் நிச்சயம் மாற்றித்தான் கொடுப்பாள் என்று...”

“உமக்கு ஏன் அப்படித் தோன்றியது?”

சபையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

“செம்பாயி என் காதில் சொன்னபடியே இனி ஒருவர் ஓலைக்கு ஒரு வெட்டு, மற்றவர் ஓலைக்கு இரண்டு வெட்டு. நாளையே மறுபடியும் போடுங்கள்!” என்றார் ராஜா. “ஓலைப் பொறுப்பு இனி செம்பாயிக்கு. தண்டனையாக, அனந்தப்பர் ஓலையையும் காலமெல்லாம் அவளே போடட்டும்!”

“வேணாங்க மகாராஜா” என்றாள் செம்பாயி. “அவரு ஓலையை அவரே போடட்டும்.”

ராஜா அந்தத் தண்டனையை அப்போதே மாற்றினார். அவர் மாற்றிய ஆயிரம் உத்தரவுகளில் நியாயமாக மாற்றியது அந்த ஒன்றைத்தான்.