பொறைமலைக்கு ஒரு யானைப் பாதை

"உதவி செய்யப் போனா, நாங்க போட்ட பாதையிலேயே பாறையை உருட்டி விடறாங்க தாயே! இது நியாயமா?"

வந்ததும் வராததுமாக இப்படித்தான் கத்தினார் சேந்தனார். மருத நாட்டுக்கே சேனாதிபதி. மீசையெல்லாம் நரைத்த மனிதர். கோபத்தில் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

ஏரிக்கரையில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள் அவருடைய குரு. வயதில் அவர் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள், அவ்வளவுதான். மோனம்மை என்று யார் அவளுக்குப் பேர் வைத்தார்களோ தெரியவில்லை. வாயைத் திறந்தால் சேனாதிபதி என்றும் பார்க்க மாட்டாள், அரசன் என்றும் பார்க்க மாட்டாள்.

"யார் உருட்டினது?" என்றாள்.

"பொறைமலைக்காரங்கதான். என் சம்பந்தி வீட்டு மனுஷங்க!"

சங்கதி இதுதான். பொறைமலை ஒரு சின்ன மலைநாடு. மருத நாட்டுக்கு நட்பு நாடு. அந்த மலைக்கோட்டையில்தான் சேந்தனாரின் ஒரே மகள் பூங்கோதை வாழ்க்கைப்பட்டிருந்தாள். கைக்குழந்தைக்காரி வேறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரும்படையோடு வந்து உட்கார்ந்திருந்தான் அக்கரை அரசன். வெள்ளம் வடிந்தால் மலைமேல் பாய்ந்துவிடுவான். பெற்ற மனசு பதறாமல் இருக்குமா? சேந்தனாருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்ன உதவி செய்யப் போனீர்?"

"யானைப்படை, தாயே! எங்க மன்னர் உதவின்னு அனுப்பினா யானை போகணும், முரசு போகணும், கொடி போகணும். அதுதான் எங்க வழக்கம். அந்த மலையிலோ ஆடு ஏறவே அழும். அதான் காட்டை வெட்டி, பாறையை உடைச்சு, அடிவாரத்துலேர்ந்து கோட்டை வாசல் வரைக்கும் யானை ஏறுற மாதிரி பாதை போடறோம். பகலெல்லாம் நாங்க போடறோம். ராத்திரி இறங்கி வந்து அடைச்சுட்டுப் போறாங்க!"

"அவங்க உம்மகிட்ட யானை கேட்டாங்களா?"

"இல்லை."

"பின்னே என்னதான் கேட்டாங்க?"

சேந்தனார் சொல்லக் கூச்சப்பட்டார்.

"உப்பு."

"உப்பா?"

"மலையில எல்லாம் விளையுதாம், உப்பைத் தவிர. உப்பு மூட்டையும் கொஞ்சம் இரும்பும் அனுப்பினா போதும், எத்தனை வருஷமானாலும் கோட்டையை விட்டு இறங்க மாட்டோம்னு ஓர் ஆளை அனுப்பிச் சொன்னாங்க. நீங்களே சொல்லுங்க, இவ்வளவு பெரிய நாடு உப்பு மூட்டை அனுப்பினா ஊர் சிரிக்காதா?"

"பாதை வேண்டாம்னு சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க, சொன்னாங்க. வேண்டாம்னுதானே சொல்வாங்க! பந்தியில உட்கார்ந்தவன் 'போதும் போதும்'னு கையால இலையை மறைக்கத்தான் செய்வான். அதுக்காகப் பரிமாறாம விட்டுடுவோமா? இன்னும் ஒரு கரண்டி போட்டாத்தானே மரியாதை?"

மோனம்மை கையிலிருந்த புளியைத் தட்டில் எறிந்தாள்.

"அட கஷ்டகாலமே! வந்த ஆள் காரணம் எதுவும் சொல்லலையா?"

"சொல்ல வாயெடுத்தான். முதல்ல சாப்பிடும், அப்புறம் பேசலாம்னு இலை போட்டேன்."

"சாப்பிட்டானா?"

"போதும்னு எழுந்திரிக்கப் பார்த்தான். விட்டேனா நான்? தோளைப் பிடிச்சு அழுத்தி உட்கார வெச்சு இன்னும் ரெண்டு கரண்டி பாயசம் ஊத்தச் சொன்னேன். அதுக்கப்புறம் பேசற நிலையில அவன் இல்லை. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மலையேறிட்டான்."

மோனம்மை தலையில் அடித்துக்கொண்டாள்.

"உம்ம மக? அவளாவது ஏதாவது சொன்னாளா?"

"அவளும் சொல்லி அனுப்பினா. 'அப்பா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், பாதையை நிறுத்துங்க'ன்னு." சேந்தனாரின் குரல் இளகிவிட்டது. "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் தாயே. பொறந்த வீட்டுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு பார்ப்பா. தங்கமான பொண்ணு. அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. இன்னும் ஆளைப் போட்டு வேலையை முடுக்கிட்டேன்."

"ஈஸ்வரா!" என்றாள் மோனம்மை.

புளித் தட்டைத் தள்ளி வைத்தாள். எரிச்சல் அடங்கவில்லை.

"ஐயா, உமக்கு நான் சொல்லிப் பிரயோசனமில்லை. பெத்த மக சொல்லியே கேட்கலை. நீர் சொன்னாலாவது நீர் கேட்பீரா?"

"நான் சொல்லி நான் கேட்காமலா?"

"அப்போ இங்கே உட்காரும். இந்த நிமிஷத்திலேர்ந்து நீர் மருத நாட்டுச் சேனாதிபதி இல்லை. அக்கரை அரசனோட சேனாதிபதி."

"என்ன பேச்சு தாயே இது!"

"உட்காரும்னா உட்காரும். வெள்ளம் வடிஞ்சாச்சு. படை உம்ம கையில இருக்கு. பொறைமலைக் கோட்டையைப் பிடிக்கணும். எப்படிப் பிடிப்பீர்?"

சண்டை என்றதும் கிழவருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் செய்த தொழிலாயிற்றே. புளியங்கொட்டைகளை அள்ளி மணலில் பரப்பினார்.

"இது மலை. இது ஆறு. போன மாசம் கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். மேலே ஏற வழியே கிடையாது. நாலு பேர் மேலே நின்னு கல்லை விட்டா கீழே ஒரு படையே காலி. அந்தக் கோட்டையை இதுவரைக்கும் எவனும் தொட்டதில்லை."

"இந்த மாசம்?"

"இந்த மாசம் சுலபம்." ஒரு கொட்டையை விரலால் தள்ளினார். "ஆத்தைத் தாண்டி, அடிவாரத்தைச் சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்துடுவேன். இங்கேருந்து நல்ல அகலமா வழி இருக்கு. முன்னாடி யானை, பின்னாடி குதிரை. வழியில கிடக்கிற பாறையையெல்லாம் யானையே தள்ளிடும். நேரா கோட்டை வாசல். ரெண்டு முட்டு, கதவு விழுந்துடும்."

"உள்ள இருக்கறவங்க?"

"எங்க ஓடுவாங்க? இருக்கறது ஒரே வழி, அதுல நான்தானே நிக்கறேன்! ஒரு உசிரு மிஞ்சாது" என்று தொடையைத் தட்டினார் சேந்தனார்.

தட்டிய கை தொடைமேலேயே நின்றுவிட்டது.

"குதிரை... என் குதிரையைக் கொண்டாங்க! பாதையை நிறுத்தணும்!" என்றார்.

மணலில் பரப்பிய புளியங்கொட்டைகளை மிதித்துக்கொண்டு எழுந்து ஓடினார்.