மதகடியில் கேட்டது

ஏரிக்கரைக் காட்டில் தவிட்டி என்று ஒரு கீரி இருந்தாள். சுறுசுறுப்புக்காரி. வாயும் ஓயாது, காலும் ஓயாது. அதனால் காட்டில் பாதி வேலை அவள் தலையில்தான் விழும்.

அந்த வருடம் அவள் தலையில் விழுந்தது இளவட்டங்களின் பாடு.

கொம்பு முளைக்கத் தொடங்கிய மான், அம்மாவின் பின்னால் நடக்க வெட்கப்படும் மரநாய் என்று ஒரு கூட்டம். பகலெல்லாம் ஏரியின் உடைந்த மதகுப் பக்கமே கிடந்தார்கள். போன மழையில் அங்கே ஒரு நரிப் பையனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. மரவேரில் சிக்கியதால் பிழைத்தான். ஆனால் ஒரு கால் நொண்டியாகிவிட்டது.

காட்டுச் சபை கூடியது. உருப்படியாக ஏதாவது செய்து கொடுத்தால் பிள்ளைகள் மதகுப் பக்கம் போகமாட்டார்கள் என்றார் தலைவர் கொம்பையா. அவர் ஒரு காட்டெருமை. எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் தவிட்டியைப் பார்த்தார்கள்.

தவிட்டி முறையாகத்தான் ஆரம்பித்தாள். இளவட்டங்களை அப்பா அம்மாவோடு நாவல் மரத்தடிக்கு வரவழைத்தாள். என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். மாரிக்கொழுந்து என்ற மான்பெண் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓட்டப் பயிற்சி வேண்டும் என்றாள். மரநாய்ப் பையன் சடையன் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாட்டு வகுப்பு என்றான். நரிப் பையன் மட்டும் ஒன்றும் வேண்டாம் என்றான். பெற்றவர்களுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. தவிட்டிக்கும்தான்.

ஒரு மாதம் ஓடி ஓடி உழைத்தாள். ஓட்டப் பாதையில் ஒவ்வொரு முள்ளாகப் பொறுக்கினாள். பாட்டுக்கு மேடை போட்டாள். ஒரு மைனாவை வாத்தியாராக வைத்தாள். திறப்பு விழாவில் கொம்பையா உச்சிவெயில் வரை பேசினார்.

முதல் நாள் எல்லோரும் வந்தார்கள். பெற்றவர்கள் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டாம் நாள் பாதிப்பேர். ஐந்தாம் நாள் மைனா தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தது.

கொம்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எவ்வளவு செய்தாலும் இதுகளுக்கு அக்கறை இல்லை, மதகில் காட்டுப்பன்றிகளைக் காவல் போட்டு முட்டி விரட்டச் சொல்கிறேன் என்றார். மழைக்கு இன்னும் பதினைந்து நாள்கூட இல்லை. இரண்டு நாள் பொறுங்கள் என்று கெஞ்சிவிட்டுத் தவிட்டி மதகுக்குக் கிளம்பினாள். வழி நெடுக, சொல்லவேண்டிய புத்திமதிகளை மனப்பாடம் செய்துகொண்டே போனாள்.

அதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. காடெல்லாம் கரிசல் மண். மதகடியில் மட்டும் வழுக்கும் செம்மண். முதல் அடியிலேயே சறுக்கிப் போய்க் கழுத்துவரை சேற்றில் புதைந்தாள். நரிப் பையனும் சடையனும் ஒரு கொடியை வீசி அவளை இழுத்துப் போட்டார்கள். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்து காய ஒரு கல்லைக் காட்டிவிட்டு, சரிவில் சறுக்கி விளையாடப் போய்விட்டார்கள்.

தவிட்டி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மாத வேலையைவிட அதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

வெயில் சாயும் நேரம் மாரிக்கொழுந்து அவள் பக்கத்தில் வந்து படுத்தாள்.

"ஓட்டப் பாதை நல்லாத்தான் இருக்கு, அக்கா."

"அப்புறம் ஏன் வரலை?"

"எனக்கு ஓடவே பிடிக்காது. அன்னைக்கு அம்மா பக்கத்துல நின்னாங்க. வேற என்ன சொல்லட்டும்?"

மெல்ல மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பாறைக்குப் போனால் உடும்புகள் விரட்டுகின்றன. ஓடைக்குப் போனால் சத்தம் என்று கொக்குகள் புகார் சொல்கின்றன. புல்வெளியில் நின்றாலோ, யார் வீட்டுப் பிள்ளை, ஏன் சும்மா நிற்கிறாய் என்று பத்துப் பேர் கேட்கிறார்கள். இப்படி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடைசியாக நரிப் பையன் பேசினான்.

"மத்த இடத்துல எல்லாரும் என் காலையே பாக்குறாங்க. இங்க இவங்க என்னையும் பிடிச்சுத் தள்ளிவிடுறாங்க. அது போதும் எனக்கு."

மழை வந்தால் பயமில்லையா என்று தவிட்டி கேட்டாள். பயம்தான் என்றார்கள். ஒரு சரிவும், கொஞ்சம் தண்ணீரும், யாரும் விரட்டாத இடமும் கிடைத்தால் இங்கே ஏன் வரப்போகிறோம் என்றார்கள். யார் சொன்னது என்று மட்டும் வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவள் சத்தியம் செய்து கொடுத்தாள்.

திரும்பி நடக்கும்போது காட்டின் ஒவ்வொரு இடத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்தாள். அப்படிப்பட்ட இடம் காட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெள்ளம் ஏறாத மேட்டில், கொம்பையா தினமும் மதியம் படுத்துப் புரளும் சேற்றுக்குட்டை!

சபையில் அதைச் சொன்னாள். மதகுக்குப் போகிறவர்கள் யார் யார், பெயரைச் சொல் என்றார் கொம்பையா.

"பேர் சொல்லமாட்டேன், ஐயா," என்றாள் தவிட்டி. "விரட்டிவிட்டா அவங்க நமக்குத் தெரியாத இடமாப் பாத்துப் போயிடுவாங்க. நரிப் பையன் எங்க விழுந்தான்னு நமக்குத் தெரிஞ்சுது. அதனாலதான் போய்த் தூக்கினோம்."

கொம்பையா சபையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவருடைய மகள் கருவாச்சி அப்போதுதான் வந்து நின்றாள். நான்கு கால்களிலும் முழங்கால் வரை காய்ந்த செம்மண். தினமும் அவர் கண்ணில் பட்ட கால்கள்தான். அன்றுதான் பார்த்தார். அவளை ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை, குட்டையும் அதன் சரிவும் இனி இளவட்டங்களுக்கு என்று அறிவித்தார். பெரியவர்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஆபத்து என்று கூப்பிட்டால் மட்டும் போகலாம்.

இரண்டு நாள் ஒருவரும் நம்பவில்லை. மூன்றாம் நாள் நரிப் பையன் தனியாக வந்து ஒருமுறை சறுக்கிப் பார்த்தான். யாரும் விரட்டவில்லை. வாரக் கடைசியில் குட்டையிலிருந்து வந்த கூச்சலில் காடே அதிர்ந்தது. அந்த உற்சாகத்தில் இரண்டு பேர் தாமாகவே மைனாவிடம் பாட்டுக்குச் சேர்ந்தார்கள்.

மழை நான்கு நாள் முன்பாகவே வந்தது. பட்டப்பகலில் மதகு மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போனது. சிவந்த வெள்ளம் மரங்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. தவிட்டி மூச்சிரைக்கக் குட்டைக்கு ஓடினாள். அவளுக்கு முன்பே கொம்பையா கரையில் நனைந்தபடி நின்று, சேற்றில் தெரிந்த தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஒன்றும் குறையவில்லை.

இளையவர்களுக்கு என்ன தேவை என்று அறிய விரும்புகிறவர்கள், அவர்கள் பயமில்லாமல் வாய் திறக்கும் இடத்துக்குப் போய், தங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும்.