நரியின் அளவுக் கொடி

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் குட்டை மாடுகள் கூட்டமாக மேய்ந்து வந்தன. வெயிலும் உண்ணியும் அவற்றை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் உடம்பு சிறியது. புலி வாடை வீசினாலே மந்தை ஓடிவிடும்.

"ஓடைக்கு அக்கரையில் பெரிய திமில் காளை ஒன்று மேய்கிறது. அதை நம்மோடு சேர்த்துக்கொள்வோம். கன்றுகளாவது பெரிதாகப் பிறக்கட்டும்" என்றாள் மந்தைத் தலைவி காரி.

அப்படிப் பிறந்த முதல் கன்று மறையன். தாய் செம்பியின் புள்ளிகளும் தந்தையின் திமிலும் அவனுக்கு இருந்தன.

எல்லார் கண்ணும் அவன் மேல்தான்.

"வளர்ந்தானா?"

"நேற்றைக்கு இன்று பரவாயில்லை."

'நான் வளராவிட்டால் அம்மாவை ஏசுவார்களே!' என்று பயந்து, வயிறு நிறைந்த பின்னும் மறையன் மேய்ந்தான். எதுவும் ருசிக்கவில்லை.

ஒரு நாள் நரி ஒரு கொடியோடு வந்தது. "மாதம் ஒருமுறை இவனை அளந்து சொல்கிறேன். கூலி வேண்டாம்" என்றது. காரிக்குப் பெருமை தாங்கவில்லை; சம்மதித்தாள்.

நரி முதுகை அளந்தது. தொடையை அமுக்கிப் பார்த்தது. "அப்பாவின் எடை, அம்மாவின் மென்மை! பதம் வந்துகொண்டிருக்கிறது" என்று கொடியில் ஒரு முடிச்சுப் போட்டது. மாதம் ஒரு முடிச்சு கூடியது. ஒவ்வொரு முறையும் மறையன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"அம்மா, அவர் என் கொம்பை அளக்கவே இல்லை. நன்றாக ஓடுவேனா என்றும் கேட்கவில்லை."

"பேசாமல் நில்லடா. தலைவி காதில் விழப்போகிறது" என்றாள் செம்பி.

ஆறாம் மாதம் நரி துள்ளியது. "ஆறு முடிச்சு! நாளை ஓடைக்கரைக்குத் தனியாக வா, தம்பி. கடைசி அளவை அங்கே எடுப்போம்."

"கொடுத்துவைத்தவன்!" என்றது மந்தை.

மறையன் கொடியையே பார்த்தான். கேட்டால் சிரிப்பார்கள். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"ஐயா, எனக்குப் புரியவில்லை. ஒரு முடிச்சு என்றால் எவ்வளவு?"

மந்தையே சிரித்தது. "உடம்பு வளர்ந்த அளவுக்கு மூளை வளரவில்லை!" என்றாள் காரி.

நரியும் சிரித்தது. எச்சில் ஊறிய வாயோடு, "இதுகூடவா தெரியாது? ஒரு முடிச்சு என்றால் புலியாருக்கு ஒரு வேளைச் சாப்பாடு! ஆறு முடிச்சு, ஆறு வேளை. எலும்பு மட்டும் எனக்கு..." என்றது.

சிரிப்பு சட்டென்று நின்றது. நரி வாயைப் பொத்திக்கொண்டது.

காரி கொம்பைத் தாழ்த்தினாள். மந்தை முழுவதும் கொம்பைத் தாழ்த்தியது. நரி கொடியைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டமாக ஓடியது.

"அதை நான் அல்லவா கேட்டிருக்க வேண்டும்!" என்றாள் காரி, தலையை நிமிர்த்தாமல்.

மறையன் கீழே கிடந்த கொடியை முடிச்சுகளோடு சேர்த்து மென்றான். வெகு காலத்துக்குப் பின் முதன்முறையாக அவனுக்குத் தீனி ருசித்தது.

நீதி: நம் வளர்ச்சியை ஒருவர் அளந்தால், யாருக்காக அளக்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும்.